உறுதியின்மை பிறக்குமிடம்

விடை நன்கு தெரிந்திருந்தும், ஆசிரியர் வினவுங்கால் நாவெழாது நிற்கும் மாணவன் எக்கல்லூரியிலும் அரியனல்லன். அவனைக் கோழையென்று நகைப்பார் பலர். அவ்வச்சம் எங்குப் பிறந்ததென ஆராய்வார் சிலரே.

அச்சிலருள் ஒருவர் மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் உளநூற் புலமையார். 1954-ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டிற்குச் சென்ற இவ்வம்மையார், கம்பாலா நகரையடுத்த சிற்றூர்களில் 26 தாய்மாரின் இல்லந்தோறுஞ் சென்று, 28 குழந்தைகளைப் பல மாதம் கூர்ந்து நோக்கினார். சில குழந்தைகள் தாய் அருகிருக்கும் துணிவால் தவழ்ந்து அப்பாற் சென்று, புதியன கண்டு, மீண்டும் அவளிடமே திரும்பின. வேறு சிலவோ, தாயின் இடுப்பிலிருந்தும் ஓயாது அழுதன. தம் குழந்தையின் இயல்பை நுணுக்கமாக எடுத்துரைக்க வல்ல தாயரின் மக்களே பெரும்பாலும் முதல் வகையினர். இதுகொண்டு தாயைப் பழித்தல் தகாது. நாளெல்லாம் உழைத்துக் களைப்பவளுக்குப் பிள்ளையை நோக்கப் பொழுதேது?

குழந்தையை முத்தமிடாதீர், காலையிற் கைகுலுக்கினாற் போதும் என 1928-இல் நூலெழுதினார் அமெரிக்கரான வாட்சன். என்னே அவர் அறிவு! அந்நாட்டுப் பால்டிமோர் நகரிலே ஐன்ஸ்வொர்த் குழுவினர் 26 குடும்பங்களிற் கண்டு 1972-இல் வெளியிட்டதோ இதற்கு நேர்மாறு: அழுத போதே கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஓராண்டு நிறையுங்கால் குறைவாகவே அழுதன.

ஆயினும் நம் மாணவனுக்குத் தொட்டிலிலேயே தீர்ப்பு எழுதப்பட்டதன்று. உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டு இகழ்தலும், பள்ளியில் நேர்ந்த அவமானமும் அவ்வச்சத்தை வளர்ப்பன. பின்னர் வாய்க்கும் நல்லாசிரியரும் நண்பரும் அதனைத் தணிப்பதும் உண்டு.