பவாய் ஏரியில் தூண்டில்: முதலை உண்டு, கவனம்!

தாராவி, மாதுங்கா வட்டாரத்து நம்மவர்களில் ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். ஞாயிறு வந்தால் கை துறுதுறுக்கும். அவர்களுக்கு மும்பையில் பவாய் ஏரி இருக்கிறது. காஞ்சூர்மார்க்கில் இறங்கி பஸ் பிடித்தால் போதும்.

நகரின் குடிநீருக்காக 1891-ல் உருவான ஏரி. தண்ணீர் கெட்டதால் குடிநீர் எடுப்பது எப்போதோ நின்றுவிட்டது. பக்கத்து விகார், துளசி ஏரிகளோ இன்றும் குடிநீர் தருபவை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே தூண்டிலோடு போகக் கூடாது.

பவாயிலும் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. தூண்டில்காரர் சங்கம் ஒன்று கரையிலேயே உண்டு. அங்கே விசாரித்து அனுமதி பெறவேண்டும். மீன் பிடிக்கவும் ரசீதா என்று தோன்றும். திருட்டு வலை போடுகிறவர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். நீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில். மிருகால் அடியில், சேற்றை ஒட்டி. தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றினால் அகப்படும் மீனும் மாறும். பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா? சாக்கடை கலக்கும் ஏரி ஐயா! நான் வைக்கமாட்டேன். திரும்ப விட்டுவிடுவதே மேல்.

முக்கியமான விஷயம் முதலை. வதந்தி அல்ல. சேற்று முதலைகள் இங்கே குடியிருக்கின்றன. வெயில் காயக் கரையேறும். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவற்றைக் காக்கிறது, கல்லெறிவதும் குற்றம். முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசும் ஊர்ப் பழக்கம் இங்கே ஆகாது. முள் பாசியில் மாட்டினால் இறங்கி எடுக்காதீர்கள். நரம்பை அறுத்துவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்புங்கள்.