விளையாட ஓர் உடை வேண்டும்

உணவு, உடை, உறையுள் என்று மனிதனின் அடிப்படைத் தேவைகளை வரிசைப்படுத்துகிறோம். உணவுக்குப் பொது விநியோகத் திட்டமும், உறையுளுக்கு வீட்டு வசதித் திட்டங்களும் இருக்கின்றன. இடையில் நிற்கும் உடையைப் பற்றித்தான் பொருளாதாரம் பேசுவோர் அதிகம் பேசுவதில்லை. அதிலும், குழந்தைகள் வெளியில் ஓடியாடுவதற்கான உடை என்பது எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

இது சிறிய விஷயமன்று. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் உழைப்புள்ள விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சீனத்தின் குவாங்சௌ நகரில் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு நாள்தோறும் 40 நிமிடங்கள் கூடுதலாக வெளியில் செலவிட வாய்ப்பளித்தபோது, மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வைக் குறைபாடு புதிதாகத் தோன்றுவது குறைந்ததை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெயிலும் மண்ணும் குழந்தைக்கு மருந்து. ஆனால், "சட்டை அழுக்காகும், உள்ளே வா" என்ற ஒற்றை அதட்டலில் அந்த மருந்து மறுக்கப்படுகிறது. அதட்டும் தாயைக் குறை கூற முடியாது. இருப்பதே இரண்டு நல்ல சட்டை என்றால் அவர் வேறென்ன செய்வார்?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் பெயர் பெற்ற பகுதி. பக்கத்திலுள்ள பெரம்பலூரையும் சேர்த்துப் பார்த்தால் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம். பருத்தி விளையும் மண்ணில் வளரும் குழந்தைக்குப் பருத்திச் சட்டை எட்டாத விலையில் இருப்பது ஒரு முரண். மலிவு விலைத் துணிக்கடைகளில் பெரிதும் தொங்குபவை பாலியெஸ்டர் உடைகளே.

இங்குப் பருவங்களுக்கேற்ற தேவை என்ன? சித்திரை, வைகாசி வெயிலில் தளர்வான, வெளிர்நிறப் பருத்தி உடையே உகந்தது. இயல்பான சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட வாங்குவதில்லை. வேர்வையை உறிஞ்சாத துணி உடலோடு ஒட்டி, வேர்க்குருவையும் அரிப்பையும் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை வேறு. நனைந்த பருத்தி காய இரண்டு நாளாகும்; மெல்லிய கலப்பு நூல் உடை விரைவில் காயும். அதே பருவம் டெங்கு பரப்பும் கொசுவின் பருவமும் ஆகும். அது பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பதால் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை நீளும் கால்சட்டையும் வேண்டும். மார்கழிப் பனிக்கு விலையுயர்ந்த கம்பளிச் சட்டை தேவையில்லை. பனியனுக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை போதும். வெயில் ஏறியதும் கழற்றி விடலாம்.

இவற்றைவிட முக்கியமானது கால். சீமைக் கருவேல முள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். வெறுங்காலுடன் மண்ணில் நடக்கும் குழந்தையின் தோல் வழியே கொக்கிப்புழு உடலுக்குள் செல்கிறது; குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) கூறுகிறது. இதற்குக் காரணங்கள் பல. கொக்கிப்புழுவும் இரத்தசோகைக்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று. குடற்புழு நீக்க மாத்திரையோடு நல்ல செருப்பும் சேர்ந்தால்தான் பலன் நிலைக்கும்.

குறைந்த வருவாயில் இவற்றையெல்லாம் வாங்குவது எப்படி? இங்கே ஓர் எளிய கணக்கு உதவும். ஒரு துணியின் உண்மையான விலை, கடைச் சீட்டில் உள்ள தொகை அன்று. அதை எத்தனை முறை அணிகிறோம் என்பதால் அத்தொகையை வகுத்தால் கிடைப்பது. தீபாவளிக்கு 1,200 ரூபாய்க்கு எடுக்கும் சரிகை வேலைப்பாடுள்ள உடையைக் குழந்தை ஆறு முறை அணிந்தால், ஒரு முறைக்கு 200 ரூபாய். 250 ரூபாய்ப் பருத்திப் பனியனையும் அரைக்கால் சட்டையையும் நூறு முறை அணிந்தால், ஒரு முறைக்கு இரண்டரை ரூபாய். பண்டிகை உடை வேண்டாம் என்பதன்று என் வாதம். அதன் விலையில் கால் பங்கைக் குறைத்தாலே ஒரு விளையாட்டு உடை கிடைத்துவிடும். மேலும், பட்டாசு வெடிக்கும் நாளில் தீப்பொறி பட்டால் உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழையைவிடப் பருத்தியே பாதுகாப்பு.

ஐந்து முதல் பத்து வயது வரை குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். அந்தக் காலத் தையற்காரர்கள் இதை அறிந்தே உள்தையலும் அடிமடிப்பும் தாராளமாக விட்டுத் தைத்தார்கள். ஆண்டுதோறும் பிரித்துவிட்டால் போதும். ஆயத்த ஆடைகளில் அந்த வசதி இல்லை. அண்ணனின் சட்டையைத் தம்பி அணிவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அதை வறுமையின் அடையாளமாகக் கருதும் மனப்போக்கு அண்மைக் காலத்தியது.

குடும்பம் செய்ய முடிந்தவை இவை. அரசின் பங்கு என்ன? தமிழகத்தில் 1985 முதல் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த மாணவர்களுக்கு விலையில்லாச் சீருடை வழங்கப்படுகிறது. 2012-13 முதல் அது நான்கு இணைகளாக உயர்த்தப்பட்டது. பல மாநிலங்களில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இரு இணைகளுக்கு 600 ரூபாய் என்ற அளவிலேயே உதவி நிற்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், நான்கு இணை என்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எத்தகைய நிம்மதி என்பது புரியும். நெசவாளர்களுக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இத்திட்டம் வேலை தருகிறது என்பது கூடுதல் பயன்.

இத்திட்டத்தில் மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, நான்கு இணைகளில் ஒன்றைப் பருத்தி மிகுந்த விளையாட்டு உடையாக மாற்றலாம். பெரிய கூடுதல் செலவில்லை. இதனால் அதிகம் பயன்பெறுவோர் பெண் குழந்தைகள். பாவாடையோ துப்பட்டாவோ அணிந்து ஓட முடியாமல் மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் அவர்கள்தாம். இரண்டாவது, மலைப்பகுதி மாணவர்களுக்கு வழங்கப்படும் மழைக்கோட்டை, வடகிழக்குப் பருவமழை பெறும் சமவெளி மாவட்டங்களுக்கும் நீட்டிக்க வேண்டும். மூன்றாவது, விளையாட்டு உடை பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோர ஊர்களில், அந்தி நேரத்தில் குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படுவது உயிர் காக்கும்.

வரியும் கவனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு முன் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த காலணிக்கும் 12 விழுக்காடு இருந்தது. 200 ரூபாய்ச் செருப்பில் 14 ரூபாய் மிச்சம். அந்த மிச்சம் வாங்குபவரைச் சென்றடைகிறதா என்று அரசு கண்காணிக்க வேண்டும். மலிவான ஆடைகளுக்கோ முன்பும் 5 விழுக்காடுதான். ஆகவே ஏழைக் குழந்தையின் சட்டையில் இம்மாற்றத்தால் பயன் ஏதுமில்லை. சிறுவர் ஆடை, காலணிகளுக்கு முழு விலக்கு அளிப்பது குறித்து ஜிஎஸ்டி கவுன்சில் ஆராயலாம். பிரிட்டனில் சிறுவர் உடைகளுக்கும் காலணிகளுக்கும் மதிப்புக் கூட்டு வரி சுழியம்.

கூலித் தொழிலாளிகூட வெட்கமின்றிப் பொது இடத்தில் தோன்ற ஒரு நல்ல சட்டை தேவை என்று 1776-இலேயே ஆடம் ஸ்மித் எழுதினார். இன்றியமையாப் பொருள் எது என்பதைச் சமூகத்தின் வழக்கமும் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்து. அழுக்காவதற்கென்றே ஒரு சட்டையும், முள் தைக்காத ஒரு செருப்பும் இன்றைய குழந்தையின் இன்றியமையாத் தேவைகள். அடுத்த கல்வியாண்டுக்கான சீருடைத் துணிக்குக் கொள்முதல் ஆணை பிறப்பிக்கும் முன், அதில் விளையாட்டு உடையையும் சேர்க்கப் பள்ளிக் கல்வித் துறையும் சமூகநலத் துறையும் முன்வர வேண்டும்.