இரு சக்கர சாஸ்திரம் – 9: மோட்டாருக்கு முன்னே ரிம்மைப் பார்

ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலும் பத்மதீர்த்தக் குளமும் பழவங்காடி கணபதி சந்நிதியும் சாலைக் கடைத்தெருவும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைந்திருக்கிற கிழக்கேகோட்டை, திருவனந்தபுரத்தின் தாழ்ந்த பாகத்தில் இருக்கிறது. நகரத்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவை குன்றுகளின் மேலும் அவற்றின் சரிவுகளிலும் பரந்து கிடக்கின்றன. ஆகையால், சாலைத் தெருவில் ஆரியசாலை வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போகிற மனிதருக்கு ஜன நெரிசலைத் தவிர வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை. அதே மனிதர் கேரியரில் ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டு, ஓவர்பிரிட்ஜைத் தாண்டி, தலைமைச் செயலகம் இருக்கிற ஸ்டாச்யூ மேட்டை நோக்கித் திரும்பினாரானால், ஆயுர்வேதக் கல்லூரி வருவதற்குள் பெரும்பாலும் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுகிறார். கிழக்கேகோட்டையில் இப்போது மின்சாரப் பஸ்களே ஓடுகிற படியால், தம்முடைய பழைய சைக்கிளுக்கும் கொஞ்சம் மின்சாரம் ஏற்றினால் என்ன என்று அவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. புதிதாக மின் சைக்கிள் வாங்காமல், இருக்கிற சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளத்தக்கதாக மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, த்ராட்டில், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்துகிற கைப்பிடி ஆகியவற்றைச் சேர்த்து விற்கிறார்களே, அந்த ‘கிட்’டைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

யோசனை புதியதன்று. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைத்த சைக்கிளுக்கு 1895ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி காப்புரிமை பெற்றுவிட்டார். திருவனந்தபுரம் நகரத்துக்கு மின்சார விளக்கு வந்தது 1929இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், வீதி விளக்குக்கு முன்னாலேயே மின் சைக்கிள் பிறந்துவிட்டது என்று சொல்லலாம். நூறு வருஷங்களாக அது நடக்கமாட்டாமல் கிடந்ததற்கு மோட்டார் காரணமல்ல. அதைச் சுழற்றுவதற்கு வேண்டிய பேட்டரியின் பாரமே காரணம்.

கிட் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை வாட் என்பதைத்தான். விற்கிறவர்களும் 500 என்றும் 1000 என்றும் சொல்லி ஆசை காட்டுகிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டு, நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்து மீட்டர் உயர்கிற மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 160 வாட் சக்தி போதும். அதில் ஏறக்குறைய 75 வாட்டைச் சாதாரண தேக பலமுள்ள மனிதர் தாமே காலால் கொடுத்துவிடுவார். பாரம் 140 கிலோவாகி, மேடும் நூற்றுக்கு எட்டாகச் செங்குத்தானாலுங்கூட, வேகத்தை 8 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டு கூடவே மிதித்தால், மோட்டாரின் பங்கு 200 வாட்டைத் தாண்டுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளோ, மோட்டாரின் அரைமணி நேரச் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்தால், அதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டினால் இரண்டும் வேண்டும். சட்டம் விதித்த வரம்பும் இந்த ஊரின் மேடு கேட்கிற சக்தியும் இவ்வளவு நெருங்கிப் பொருந்தியிருக்கையில், அதிக வாட்டுக்கு ஆசைப்படுவது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? மணக்காட்டுப் பக்கத்தில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கிற நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர், தம்மிடம் மோட்டாரைப் பற்றி விசாரிக்க வந்த பெரியவரிடம் சொன்ன பதிலை அப்படியே எழுதிவிடுகிறேன்: “மோட்டாரு நாளைக்குக்கூட வாங்கலாம் அண்ணாச்சி. ரிம்முல எத்தன ஓட்டைன்னு மொதல்ல எண்ணிட்டு வாங்க.”

பெரியவர் அதைப் பரிகாசம் என்று எண்ணினார், அது பரிகாசமல்ல. ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ் முதலிய கம்பெனிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து தள்ளிய கறுப்புச் சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம் அது. கடையில் கிடைக்கிற ஹப் மோட்டார்களுக்கோ பெரும்பாலும் 36 துளைகள். ஆகவே பழைய ரிம்மில் புது மோட்டாரைக் கோக்க முடியாது. சரி, கிட்டோடு வருகிற ரிம்மையே போட்டுக்கொள்ளலாம் என்றால், அங்கேதான் உண்மையான சங்கடம் ஆரம்பமாகிறது. கறுப்புச் சைக்கிளில் இருப்பது ராடு பிரேக். பிரேக்கைப் பிடித்தவுடன் கம்பிகள் மேலே இழுக்க, கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அதாவது அச்சை நோக்கியிருக்கிற முகத்தில், போய் அழுந்துகின்றன. அதற்கென்றே அந்த ரிம்மின் உட்புறம் இரண்டு ஓரங்களிலும் வழவழப்பான தடம் விட்டு வளைக்கப்பட்டிருக்கிறது. கிட்டோடு வருகிற ரிம்மோ பக்கவாட்டில் பிடிக்கிற பிரேக்குக்காகச் செய்யப்பட்டது. அளவும் பெரும்பாலும் 26 அங்குலம். 28 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால், பழைய பிரேக் கட்டைக்கு அழுந்துவதற்கு இடமே இராது. வேகத்தைக் கூட்டும் பொருட்டு வாங்கிய சாமான், நிறுத்துகிற சாதனத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது! இதை விளம்பரங்களில் ஒருவரும் எழுதுவதில்லை.

இக்காரணத்தால், கறுப்புச் சைக்கிள்காரருக்கு ஹப் மோட்டாரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பல்சக்கரப் பெட்டியோடு கூடிய 24 வோல்ட், 250 வாட் மோட்டாரைச் சட்டத்தில் பிளேட் வைத்து முடுக்கி, தனிச் செயின் ஒன்றினால் பின் சக்கரத்தை இழுக்கிற கிட் ஒன்று நம் நாட்டில் வெகுவாகப் புழங்குகிறது. அதில் ரிம்மும் பிரேக்கும் இருந்தபடியே இருக்கும். சத்தம் போடும், கார்பன் பிரஷ் தேயும், பார்வைக்கும் அவ்வளவு லட்சணமில்லை, எல்லாம் வாஸ்தவம். அதோடு, அந்தத் தனிச் செயினுக்காக இடப் பக்கத்திலும் ஃப்ரீவீல் மாட்டுவதற்கு மரையுள்ள பின் ஹப்பைத் தேடி வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பல்சக்கரத்தைக் கம்பிகளின் மேலேயே போல்ட் வைத்து இறுக்குகிறவர்கள், சில மாதங்களுக்குள் கம்பி அறுந்து, கோட்டம் எடுக்கக் கடை வாசலில் நிற்பார்கள். ராடு பிரேக்கும் மழையில் நனைந்த இரும்பு ரிம்மைச் சரியாகப் பற்றாது. துலாமாத மழை பெய்கிற ஊரில் அந்தச் சைக்கிளை 25 கிலோமீட்டர் வேகத்துக்கு விடாமல், கன்ட்ரோலரிலேயே 15க்குக் கட்டுப்படுத்தி வைப்பது உத்தமம்.

பக்கவாட்டுப் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ உள்ள 26 அங்குலச் சைக்கிள் வைத்திருக்கிற காலேஜ் மாணவருக்கு இந்த விசாரம் இல்லை. அவருக்கு ஹப் மோட்டாரே சௌகரியம். ஆனால் கியர் உள்ளதாக வேண்டும். கியர் இல்லாத பெரிய ஹப், சமதரையில் சத்தமில்லாமல் அருமையாக ஓடும். ஸ்டாச்யூவுக்குப் போகிற புளிமூட்டு ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது மின்சாரத்தின் பெரும் பகுதியை உஷ்ணமாக்கி வீணடித்துவிடும். கியர் உள்ளதில், உள்ளே மோட்டார் பல மடங்கு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்க, வெளியே சக்கரம் நிதானமாகத் திரும்புவதால் மேட்டில் திணறுவதில்லை. முன் சக்கரத்தில் மாட்டுவது சுலபம். பின் சக்கரத்தில் மாட்டுவது ஈரத் தரையில் வழுக்காமல் பிடிக்கும். எதில் மாட்டினாலும், அச்சு தானே திருகிக்கொண்டு ஃபோர்க்கின் வாயைப் பிளந்து வெளியே வந்துவிடாதபடி தடுக்கிற இரும்புக் கரம் ஒன்று உண்டு. அது கிட்டில் இல்லையென்றால் தனியாக வாங்கியே தீர வேண்டும். அச்சு வழியாகத்தான் மின்கம்பி உள்ளே போகிறது. கம்பியை முதலில் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே வளைத்துக் கட்டினால், மழை ஜலம் வளைவிலேயே சொட்டிப்போகும். தம்பானூரிலும் சாலைக் கடைத்தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் தேங்குகிற தினங்களில் மட்டும் எந்த வளைவும் உதவாது. ஆமையிழஞ்சான் தோட்டையும் மற்ற ஓடைகளையும் சுத்தம் செய்ய 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெரிய முயற்சி நடந்தது. அதன் பிறகும் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. அன்று சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுவது நலம்.

பேட்டரி விஷயத்தில் இரண்டொரு வார்த்தை. 36 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஏறத்தாழ 12 கிலோ; லித்தியம் என்றால் அதில் நாலில் ஒரு பங்கு. மேட்டில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் மோட்டார் கூலி கேட்கிறபடியால், ஈயத்தின் மலிவு வெளித்தோற்றமே. லித்தியத்திலும் இரும்பு-பாஸ்பேட் வகை சற்றுப் பருமன். ஆனால் ஆயுசு அதிகம், சுலபத்தில் தீப்பற்றாது. 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து தகப்பனாரும் மகளும் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோட்டைக்குள் இருக்கிற அக்கிரகார வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்பவை. பலவற்றில் வாசல் நடையைத் தவிர வெளியேற வேறு வழி இல்லை. அந்த நடையில், எல்லாரும் உறங்குகிற வேளையில், பேட்டரியைச் சார்ஜில் போடலாகாது. பூட்டோடு கழற்றி எடுக்கத்தக்க பேட்டரியாகப் பார்த்து வாங்கினால், பகலில் கண் பார்வையில் வைத்துச் சார்ஜ் செய்துகொள்ளலாம்; ஒரு தடவைக்கு அரை யூனிட் மின்சாரத்துக்குமேல் பிடிக்காது.

அந்த அரை யூனிட் எத்தனை கிலோமீட்டர் கொண்டுபோகும், விற்கிறவர் சொல்கிற தூரத்துக்கும் உண்மையில் ஓடுகிற தூரத்துக்கும் வித்தியாசம் ஏன், பழைய செல்களுக்குப் புதுச் சட்டை போட்டு விற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றை அடுத்த வாரம் பேட்டரிப் பெட்டியைத் திறந்தே பார்ப்போம். அதற்குள், சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் இரண்டு சக்கரங்களின் கம்பிகளையும் எண்ணி, முன் ஃபோர்க்கின் உள் அகலத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளட்டும்.

(தொடரும்)