பனியன் ஊரில் ஒரு பித்தளை உலகம்: அனுப்பர்பாளையத்தில் யார் 'கைதேர்ந்த' தொழிலாளி?

திருப்பூர்னு சொன்னாலே பனியன்தான் ஞாபகம் வரும். ஆனா அதே ஊர்ல, அவிநாசி ரோட்டுல இருக்கிற அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர் போன இடம். குடம், அண்டா, பொங்கல் பானை, சீர்வரிசைப் பாத்திரம் எல்லாம் இங்கே பித்தளையிலும் செம்பிலும் தயாராகின்றன. அங்கேரிபாளையம், வேலம்பாளையம் பகுதிகளிலும் பட்டறைகள் உண்டு.

இந்தத் தொழிலில் ஒருத்தரை 'கைதேர்ந்தவர்'னு எதை வெச்சு சொல்றாங்க?

தகடு பானையாவது எப்படி?

பித்தளைத் தகட்டை அளவெடுத்து வெட்டி, வளைத்து, ஓரங்களைத் தீயில் பற்றவைக்கிறார்கள். பிறகு சுத்தியலால் அடித்து வடிவம் கொண்டுவந்து, கடைசியில் மெருகேற்றுகிறார்கள். கேட்க சுலபம்தான். சிக்கல் தீயிலும் அடியிலும் இருக்கு.

தீயைப் படிக்கும் கண்

செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான் பித்தளை. சுமார் 900 டிகிரி செல்சியஸ் தாண்டினா உருக ஆரம்பிச்சிடும். பற்றவைக்கும் பொடி அதைவிடக் கொஞ்சம் குறைவான சூட்டில் உருகணும். இடைவெளி ரொம்பக் கம்மி. ஒரு நிமிஷம் அசந்தா, ஒட்டுக்குப் பதிலா ஓட்டைதான் மிஞ்சும். அனுபவசாலி உலோகத்தின் நிறம் மாறுவதைப் பார்த்தே சூட்டைக் கணிப்பார்.

அடியை நிறுத்தத் தெரியணும்

அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். இறுகினதை மறுபடி தீயில் காட்டி இளக்கணும். இளக்காம அடிச்சா விரிசல் விடும். ஒரே இடத்துல அதிகமா அடிச்சா தகடு மெலிஞ்சிடும். புதுசா வர்றவருக்கு எப்படி அடிக்கணும்னு சொல்லிக் கொடுத்திடலாம். எப்போ நிறுத்தணும்ங்கறது வருஷக்கணக்கா அடிச்ச கைக்குத்தான் தெரியும்.

விருது வாங்கினாதான் மாஸ்டரா?

கைவினைஞர்களுக்கு மத்திய அரசு 1965 முதல் தேசிய விருது கொடுக்குது. அதைவிட உயர்ந்த 'சில்ப் குரு' விருது 2002ல் வந்தது. ஆனா இவை தனி நபருக்கான விருதுகள். பட்டறையில் ஒரு குடம் பல கை மாறித்தான் முடியும். பற்றவைப்பவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர், மெருகேற்றுபவர் இன்னொருவர். கடையில் நீங்க வாங்கும் பானையில் இவங்க யார் பேரும் இருக்காது.

அடுத்த தலைமுறை ஏன் வரலை?

காரணம் கூலி முறையிலேயே இருக்கு. இங்கே பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை பாத்திரம் முடிச்சீங்களோ அத்தனைக்குத்தான் காசு. கத்துக்கிறவரால வேகமா முடிக்க முடியாது, அதனால அவருக்கு வருமானமும் குறைவு. கத்துக்கொடுக்கிறவர் வேலையை நிறுத்தினா அவர் கூலியும் போச்சு. பக்கத்துலேயே பனியன் கம்பெனியில் சேர்ந்தா சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்திடும். அப்போ தீயும் புகையும் நிறைஞ்ச பட்டறைக்கு ஒரு இளைஞர் ஏன் வரணும்? கூலி ஒப்பந்தம் பேசும்போது பீஸுக்கு எவ்வளவுன்னு பேசுறாங்க. கத்துக்கிற காலத்துக்கு யார் சம்பளம் கொடுப்பதுங்கற கேள்விக்கும் விடை கிடைக்கலைன்னா, இந்தக் கை வித்தை இப்போ இருக்கிறவங்களோடயே நின்னுபோகலாம்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

- சுத்தியல் தழும்புகள் வரிசையா, ஒரே ஆழத்தில் இருக்கான்னு பாருங்க.
- ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பாருங்க. மேடு பள்ளம் தட்டக் கூடாது.
- தண்ணீர் ஊற்றி, கசிவு இருக்கான்னு கவனிங்க.
- புளி, தயிர், எலுமிச்சை சேர்த்துச் சமைக்கணும்னா உள்ளே ஈயம் பூசியிருக்கணும். பூச்சு இல்லைன்னா புளிப்பு உலோகத்தை அரிச்சு, சாப்பாட்டில் கலக்கும்.
- பூசுவது வெள்ளீயமான்னு கேட்டு வாங்குங்க. காரீயம் நஞ்சு.

இந்தப் பொங்கலுக்குப் பானை வாங்கினா, இது எந்த ஊர்ப் பட்டறையில் செஞ்சதுன்னு கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.