ஓடாத அரியணை

புதிய கார் வாங்கும் எண்ணம் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. நமக்கும் எழுந்தது. விற்பனையாளர் நீட்டிய தாளில் எஞ்சின் ஒன்றே. கூரைச் சாளரம், தோல் இருக்கை என உபகரணங்களோ நீண்டன. தவணையும் உடன் நீண்டது. இரு நாள் அவகாசம் கேட்டுத் திரும்பினோம்.

மறுநாள் ஞாயிறு. குழந்தைகளுடன் சௌமஹல்லா அரண்மனைக்குச் சென்றோம். அங்கே மஞ்சள் நிறத்தில் நிற்கிறது, ‘அரியணைக் கார்’ எனப்படும் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட். 1911-இல் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலிகான் இதனைச் செய்யப் பணித்தார், அவ்வாண்டிலேயே காலமானார். வண்டி வந்து சேர்ந்தது மைந்தர் உஸ்மான் அலிகான் காலத்தில்.

அந்நாளில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தார் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டுமே அளிப்பர். ஆறு சிலிண்டர்கள், 7,428 கன சென்டிமீட்டர். இதில் மன்னருக்கும் தெரிவு இல்லை. மேற்கூடு மட்டுமே வாங்குவோர் விருப்பம். லண்டன் பார்க்கர் நிறுவனத்தார் உயர்ந்த அரியணை இருக்கையும் குவிந்த கூரையும் அமைத்தனர்.

இவ்வகைக் கார் ஒன்று 1907-ஆம் ஆண்டுச் சோதனையில் ஏறத்தாழ 15,000 மைல் ஓடிப் புகழ் பெற்றது. நிஜாமின் காரோ விழாக்களுக்கு மட்டுமே வெளிவந்து, மொத்தம் 356 மைலே ஓடியதாகக் கூறுவர். சென்னை சென்று சேரவும் அது போதாது! எஞ்சினின் பெருமை ஓடிய மைலில் என்பது இரயில்வேப் பணியில் நாம் கற்ற பாடம்.

மறுநாள் கூரைச் சாளரத்தை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டோம். மிஞ்சிய தொகை, ஊரிலுள்ள பெற்றோரை ஆண்டுதோறும் கண்டுவரப் பெட்ரோலுக்கு ஆகும். அன்பர்களே, தாளில் குறியிடுமுன் போகவேண்டிய தொலைவை எண்ணுங்கள்.