முதல் 72 மணி நேரம்

சங்க மலரில் இலக்கியமும் ஆன்மிகமும் இருக்கிற இடத்தில் இந்த விஷயத்தை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தில்லியில் மகப்பேறு மருத்துவராக நெடுநாள் பணிபுரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது. நடந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்தான் தவிக்கிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு உடனடியாகக் கிடைக்க வேண்டிய உதவியைப் பற்றியும், கரு உண்டாகிவிடுமோ என்ற பயத்தைப் பற்றியும்தான் இக்கட்டுரை. (பத்திரிகைகள் வெகுகாலம் எழுதிய 'கற்பழிப்பு' என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. குற்றம் செய்தவன் அவன். அழிந்தது மட்டும் அவளுடையதா?)

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கஷ்டம் வந்தால், "பேசாம ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்போம். அங்கே மொழி தெரிந்த டாக்டர் இருப்பார், இங்கே அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. மற்ற கஷ்டங்களுக்கு அது சரியாக இருக்கலாம். இதற்குச் சரியில்லை. தில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. டிக்கெட் எடுப்பது, வீட்டில் கூடிப் பேசுவது, ஊரில் நம்பகமான ஆளைத் தேடுவது என்று மேலும் இரண்டு நாள் போய்விடும். கருவைத் தடுக்கும் மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் உள்ள கெடு 72 மணி நேரம்.

அந்த மாத்திரையின் பெயர் லெவோநோர்ஜெஸ்ட்ரல். 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் என்று சொன்னாலும், மூன்றாம் நாள்வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறாளோ அவ்வளவு பலன். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று சாப்பிட வேண்டும். இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. மூன்று நாள் தாண்டிவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்தினால் மாத்திரையைவிட அது நன்றாகவே தடுக்கும்.

இங்கே ஒரு கைவைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பப்பாளிக்காய், எள்ளும் வெல்லமும், அன்னாசிப்பழம், கருஞ்சீரகக் கஷாயம் என்று கொடுத்துவிட்டு, "தீட்டு வந்துடும்மா, பயப்படாதே" என்று காத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். இவை கருவைத் தடுக்கும் என்று நம்பி உட்கார்ந்தால், உண்மையாகவே தடுக்கக்கூடிய நாட்கள் கைநழுவிவிடும்.

ஆகவே முதலில் போக வேண்டியது பக்கத்திலிருக்கும் மருத்துவமனைக்கு. "போலீஸ் கேஸ், முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று சொல்லித் திருப்பியனுப்ப எந்த மருத்துவமனைக்கும் உரிமை கிடையாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 2013இலேயே வந்துவிட்ட விதிதான் இது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். ஆனால் வயது வந்த பெண், வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்காகச் சிகிச்சை நிற்கக் கூடாது.

பரிசோதனை அவள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். எந்தப் பகுதியையும் வேண்டாம் என்று சொல்லலாம். 'இரு விரல் சோதனை' எனப்படும் அவமானத்தை மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 நெறிமுறைகள் தடைசெய்துவிட்டன. அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தடயங்களை நான்கு நாட்கள் வரை எடுக்க முயல்வார்கள். குளிக்காமல் போவது நல்லது, குளித்துவிட்டாலும் போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம்.

மொழிதான் நமக்குப் பெரிய தடை. சம்மதப் படிவம் இந்தியிலோ மராத்தியிலோ இருந்தால், புரியாமல் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. புரிகிற மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். கூடப் போய் மொழிபெயர்ப்பது யார் என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். தாக்கியவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருக்கிறான். அவனுக்கு வேண்டிய சித்தப்பாவோ, "விஷயத்தை வெளியே விடாதீங்க" என்று சொல்லும் சங்கத்துப் பெரியவரோ மொழிபெயர்த்தால், அவள் சொன்னது வேறாகவும் டாக்டர் காதில் விழுவது வேறாகவும் ஆகிவிடும்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, பிற பால்வினை நோய்களுக்கான மருந்து எல்லாம் அன்றே தருவார்கள். மாத்திரை சாப்பிட்டாலும் மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். அதற்கு முன்பே தினமும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயமும் குழப்பமும்தான் மிஞ்சும்.

கரு உண்டாகியிருந்தால்? 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு, அதற்கு இரு மருத்துவர்கள் வேண்டும். 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டுமே தேவை, அப்பாவோ கணவனோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது: இந்த உரிமையைப் பெற வழக்குப் போட்டு நிரூபிக்கத் தேவையில்லை, கணவன் கட்டாயப்படுத்தி உண்டான கருவும் இச்சட்டத்தின் நோக்கத்துக்கு இதில் அடங்கும். 24 வாரம் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். 2023இல் குஜராத் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 27 வாரங்கள் கடந்த பிறகே அனுமதி பெற்றார். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது.

மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி வீட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கு நடப்பதாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், திசு மாதிரியை டி.என்.ஏ. சோதனைக்காகப் பாதுகாத்துக் கொடுப்பார்கள்.

குழந்தையைப் பெறவே அவள் தீர்மானித்தால் அதுவும் அவள் உரிமை. வளர்க்க இயலாதென்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு.

பாதிக்கப்பட்டவள் 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணாக இருந்தால் நிலைமை வேறு. போக்சோ சட்டப்படி டாக்டர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். கருக்கலைப்புக்குக் காப்பாளர் சம்மதமும் வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

புகார் கொடுக்க எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்த எல்லை இதுவல்ல என்று மறுக்க முடியாது. ஊருக்குத் திரும்பிய பிறகுகூட அங்கிருந்தே கொடுக்கலாம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பெயரை வெளியிடுவது குற்றம், நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவும் அதற்கு விலக்கல்ல. 181க்கு அழைத்தால் மாவட்டத்தின் 'சகி' மையத்தோடு இணைப்பார்கள். மருத்துவம், சட்டம், மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி இழப்பீடு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை. அதற்கான மனுவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கொடுக்க வேண்டும்.