விடுதலைக்கு விலை ஏது?

தேசப்படத்தை விரித்து, ஏட்ரியாடிக் கடலின் கீழ்க்கரையில் தேடினால், டுப்ரோவ்னிக் என்னும் பெயர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தென்படும். குரோஷியா தேசத்திலுள்ள இச்சிறு நகரம் முற்காலத்தில் ரகூசா என்று பெயர் பெற்றிருந்தது. சரித்திரப் பாடம் சொல்லிக் கொடுத்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்ட நமக்கு, அதை ஒரு முறை நேரில் காணவேண்டுமென்ற ஆசை நெடுநாளாக உண்டு. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும், செப்டம்பர்க் கடைசியில் புறப்பட்டுவிட்டோம்.

அங்கே அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். வெயிலின் கடுமை தணிந்துவிட்டது. கடல்நீரில் மட்டும் கோடையின் வெதுவெதுப்பு மாறவில்லை. சந்தையில் அத்திப்பழமும் திராட்சையும் குவிந்து கிடந்தன.

மேற்கே பீலே வாசலைக் கடந்ததும் ஸ்ட்ராடூன் என்னும் ராஜவீதி தொடங்குகிறது. சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அவ்வீதியின் சுண்ணாம்புக்கல் தளம், தலைமுறை தலைமுறையாகக் காலடி பட்டுக் கண்ணாடிபோல் மின்னுகிறது. வாசலருகிலேயே ஒரு பெரிய நீரூற்று. 1438-ல், சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் கொண்டுவந்து இதை அமைத்தவர் ஆனோஃப்ரியோ என்னும் இத்தாலியர். நாமும் இரு கைகளாலும் ஏந்திப் பருகினோம், தாகம் தீர்ந்தது.

ஆனால் நாம் தேடிச் சென்றது வேறொன்று. வீதியின் மறுகோடிக்கு அருகே ரெக்டர் மாளிகை நிற்கிறது. ரெக்டர் என்பவர் குடியரசின் தலைவர். அவருடைய பதவிக்காலம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரே மாதம்! அந்த ஒரு மாதமும் அரசாங்க காரியமின்றி அவர் மாளிகையை விட்டு வெளியே போகலாகாது. சொந்தக் காரியங்களை மறந்து பொதுக் காரியத்தைக் கவனியுங்கள் என்ற கருத்தில், மகாசபை மண்டபத்தின் வாசல்மேல் லத்தீன் மொழியில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது நமக்கு உடல் சிலிர்த்தது.

எனினும் உண்மையை மறைக்கலாகாது. அது பிரபுக்களின் குடியரசு. ஏழைக்கு அங்கே வாக்கில்லை. துருக்கி சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசு கப்பம் கட்டித்தான் அது தன்னைக் காத்துக்கொண்டது. ஆயினும் 1416-லேயே அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் செய்த பெருமை அதற்கு உண்டு. 1667-ன் பூகம்பத்துக்கும் ஈடுகொடுத்து நின்ற அந்தக் குடியரசை, 1808-ல் நெப்போலியனின் தளபதி மார்மோன் கலைத்துவிட்டார்.

மறுநாள் காலை மதில்மேல் ஏறினோம். சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டர். கீழே ஓட்டுக்கூரைகள். சில மங்கிப் பழுத்த நிறம். பெரும்பாலானவை பளிச்சென்ற சிவப்பு. அந்தப் புதுச் சிவப்பு அழகுக்காக வந்ததல்ல. குரோஷியா 1991-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தபின் யூகோஸ்லாவியப் படை இந்நகரை முற்றுகையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 6-ந் தேதி பழைய நகரத்தின்மேல் குண்டுமாரி பொழிந்தது. உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக வேய்ந்தவையே அவை.

நாம் தங்கியிருந்த வீட்டு மூதாட்டி, முற்றுகையின்போது குழாயில் நீர் நின்றுபோனதையும், வாளி வாளியாக நீர் சுமந்ததையும் சொன்னார். தம் வீட்டுக் கூரையில் பிழைத்த ஒரே பழைய ஓட்டை எடுத்துக் காட்டினார். அதன்மேல் துளசி போன்ற ஒரு செடியின் தொட்டி இருந்தது.

"அப்போது இந்தத் தெரு நிறைய அண்டை வீட்டார் இருந்தோம் ஐயா. குண்டுக்குப் பயந்து ஓடாதவர்கள், இப்போது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே குடிபோகிறார்கள்" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அப்படி வாடகை கொடுத்துத் தங்க வந்தவர்களில் நாமும் ஒருவரல்லவா? துறைமுகத்துக்கு வரும் உல்லாசக் கப்பல்களின் எண்ணிக்கையை நகரசபை கட்டுப்படுத்தியிருப்பதன் காரணம் அப்போதுதான் நமக்கு நன்கு விளங்கியது.

மதிலுக்கு வெளியே, பாறைமேல் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டையின் வாசலில், உலகத்துப் பொன்னையெல்லாம் கொடுத்தாலும் விடுதலையை விற்கலாகாது என்ற கருத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாசகம் பகைவருக்காக எழுதப்பட்டதென்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். புறப்படும்போது அந்த மூதாட்டி கைநிறைய அத்திப்பழம் கொடுத்தார். விலை கேட்டோம், வாங்க மறுத்துவிட்டார்.